சாரல் முடியட்டும் என்னும் ஊரில் ‘புட் ஆஃப்’

மணி அடித்தால் பள்ளிக்கூடமே நிமிர்ந்து நின்ற காலத்தை ஆண்டு ஓய்வுபெற்று, இன்று இந்த அவைக்குத் தலைமையேற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட ஜாஹிரா பீவி டீச்சர் அவர்களே! தமது ஜவுளிக்கடையின் மாடியை ஆங்கில வகுப்புக்குத் திறந்துவிட்டு, கீழே சேலையும் மேலே செந்நாவும் விரியச் செய்த வள்ளல், கிதிர் முகம்மது அண்ணாச்சி அவர்களே! இந்த ஊர்ப் பெண்களின் நாவில் ஆங்கிலத்தை நடக்கவிட்டு, ஓடவிட்டு, இப்போது யாராலும் பிடிக்க முடியாதபடி பறக்கவிட்டிருக்கிற ஆசிரியை ஜுஹைனா அவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிற தாய்மார்களே! அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கிற மற்ற தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி பிடித்த மதிநுட்பம் மிக்க பெரியோர்களே! மிக்சர் பொட்டலம் இருக்கும் மூலையிலிருந்து கண்ணெடுக்காத என் இனத்தவர்களே! எல்லாருக்கும் என் வணக்கம், சலாம், குட் ஈவினிங்.

நான் யார்? இமயமலையில் ஏறியவனா? இல்லை. ஏழு கடல் தாண்டியவனா? கேரள எல்லையில் புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டியதே பரோட்டா தின்னத்தான். இலத்தூர் விலக்கில், கருகிப்போன மோட்டாருக்குக் காயில் சுற்றித் தருகிற பாண்டிராஜ் நான். அப்படியானால் இந்த மேடையில் எனக்கென்ன வேலை? இந்த ஆண்டு வகுப்பின் முதல் பரிசு என் தங்கை மகள் வேல்விழிக்குக் கிடைத்திருக்கிறது. அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் என் பேச்சு. பரிசை வாங்கிக்கொண்டு இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். தாய்மாமன் சொல் தவற மாட்டான். இரண்டே வார்த்தைகள்தான் பேசப் போகிறேன். ஒன்று, புட். இரண்டு, ஆஃப்.

யாரங்கே சிரிப்பது? டீச்சரா? சிரியுங்கள் டீச்சர், கடிகாரத்தை மறக்கலாம்.

அன்பர்களே! ஆங்கிலத்தில் சில வினைச்சொற்கள் தனியே வாழப் பயந்தவை. பக்கத்தில் ஒரு பொடிச்சொல்லைக் கூட்டிக்கொண்டுதான் தெருவில் இறங்கும். புட் என்றால் வை. ஆஃப் என்றால் நமக்குத் தெரியும்: லைட் ஆஃப், ஃபேன் ஆஃப், கரண்ட்டு போனால் ஊரே ஆஃப். இரண்டையும் சேர்த்தால் என்ன வரவேண்டும்? அணைத்து வை என்று வரவேண்டும். வந்ததா? வரவில்லை! தள்ளிப்போடு, ஒத்திவை என்று வந்து நிற்கிறது. எப்படி வந்தது? அது வெள்ளைக்காரர் வீட்டு விவகாரம். வேலிக்கு இந்தப்பக்கம் நின்று நாம் பேசக்கூடாது.

கூட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்றால், ‘தே புட் ஆஃப் தி மீட்டிங்’. மீட்டிங்கைத் தூக்கி நடுவில் வைத்தாலும் குற்றமில்லை, ‘தே புட் தி மீட்டிங் ஆஃப்’. ஆனால் ‘இட்’ என்று ஒரு சின்னஞ்சிறு சொல் வந்துவிட்டால் அதற்கு நடுவிடம்தான். ‘தே புட் இட் ஆஃப்’. சுரண்டை பஸ்ஸில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே டிக்கெட் இல்லாமல் நெருக்கிக்கொண்டு வரும் பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பிள்ளைதான் ‘இட்’. ஓரத்தில் உட்கார வைத்தால் கண்டக்டர் பிடித்துவிடுவார்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று ஜுஹைனா பார்க்கிறார். அம்மா, ஒரு வாரம் என் தங்கை வீட்டில் சோறு தின்றவன் நான். அந்த வாரம் அந்த வீட்டில் உப்பைவிட இந்தச் சொல்தான் அதிகம் விழுந்தது.

ஜுஹைனாவின் வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு சொல்லைக் கொடுப்பார். ஒரு வாரம் அந்தச் சொல்லைத் தன் வீட்டுப் பேச்சில் புழங்க வேண்டும். புத்தகத்து ஜானும் மேரியும் வரக்கூடாது. சொல்வது சொந்த வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும். ஒருத்திக்கு ‘கெட் அப்’ கிடைத்தது, எழுந்தாள், முடிந்தது. ஒருத்திக்கு ‘ஸ்விட்ச் ஆன்’ கிடைத்தது. மோட்டார் போட்டாள், முடிந்தது. வேல்விழிக்குக் கிடைத்தது ‘புட் ஆஃப்’. எந்த நேரத்தில் கிடைத்தது? மலைமேல் மேகம் கவிழ்ந்து, தென்றல் திரும்பி, தெருவெல்லாம் சாரல் தெளிக்கத் தொடங்கிய நேரத்தில்!

ஐயகோ! தென்காசிக்காரியிடம் சாரல் காலத்தில் இந்தச் சொல்லைக் கொடுக்கலாமா? கடலிடம் உப்பைக் கொடுப்பதா?

நம் ஊர் சங்கதி நமக்குத் தெரியாதா? சாரல் விழுந்துவிட்டால் தென்காசியில் எந்தக் காரியத்துக்கும் ஒரே பதில்தான். குழாய் ஒழுகுகிறதா? சாரல் முடியட்டும். பல் வலிக்கிறதா? சாரல் முடியட்டும். மகனுக்குப் பெண் பார்க்க வேண்டுமா? அண்ணன் தம்பி கோர்ட்டு வழக்கில் ராசியாக வேண்டுமா? சாரல் முடியட்டும், சாரல் முடியட்டும்! வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு பெரியவர் சாகக் கிடந்தார். எமதர்மன் எருமையோடு வாசலில் வந்து நின்றான். மருமகள் எட்டிப் பார்த்தாள். “வீடு நெறைய விருந்தாளி இருக்காவ, இப்பம் எங்க? சாரல் முடியட்டும்” என்றாள். எமன் யோசித்தான். எருமையை வேப்பமரத்தில் கட்டினான். ஒரு துண்டை இரவல் வாங்கிக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்விட்டான். அந்தப் பெரியவர் இன்றைக்கும் சுரண்டைச் சந்தையில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். நம்பாதவர்கள் போய்ப் பாருங்கள். எருமை இன்னும் மரத்தடியில்தான் நிற்கிறது.

காரணம் சோம்பலா? இல்லை, தாய்மார்களே, இல்லை! காரணம் விருந்து. ஆண்டெல்லாம் நம்மை மறந்திருக்கிற சொந்தங்களுக்கு, அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்ட அன்றுதான் இரத்தபாசம் பொங்கும். சென்னையிலிருந்து வருவார்கள், சிவகாசியிலிருந்து வருவார்கள், சொந்தம் என்று எந்த வழியில் சொல்வது என்று அவர்களுக்கே தெரியாதவர்களும் வருவார்கள். கையில் என்ன கொண்டு வருவார்கள்? ஒரு துண்டு, ஒரு எண்ணெய்க் குப்பி, ஒரு பசி. குளித்துவிட்டு வருகிற பசி இருக்கிறதே, அது பகாசுரனைப் பந்தியில் பரிமாற வைக்கும் பசி!

என் தங்கை முத்துசெல்வி வீடு குற்றாலம் ரோட்டில். அதாவது, விருந்தாளிகளின் பாதையில் விரித்த வலை. அவள் வீட்டுக்காரர் அய்யாத்துரை, என் மாப்பிள்ளை, போலீஸ் ஏட்டு. சாரல் காலம் முழுக்க மெயின் அருவியில் பந்தோபஸ்து. அருவியின் மேலே கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தண்ணீர் தாண்டி விழுந்தால் விசில் ஊத வேண்டும், எல்லாரையும் வெளியேற்ற வேண்டும். அவருக்கு அந்தக் காலத்தில் லீவு கிடையாது. வீட்டில் வாய் திறந்தாலும் விசில் சத்தம்தான் வரும்.

இந்த வீட்டுக்குத்தான் அந்த போன் வந்தது.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனை. வெளிநாட்டிலிருந்து வருகிற நோயாளிகளை வரவேற்று, வழிகாட்டி, விவரம் சொல்கிற வேலை. வேல்விழி வீடியோவில் நேர்காணலுக்கு உட்கார்ந்திருந்தாள், தேறிவிட்டாள். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவள் காத்திருந்த வேலை. போனை எடுத்தது முத்துசெல்வி. எந்தத் தேதியில் வந்து சேருவாள் என்று அங்கிருந்து ஒரு அம்மா கேட்டார். என் தங்கை என்ன சொன்னாள்? உங்கள் வீட்டில் என்ன சொல்வார்களோ அதைத்தான் சொன்னாள். சாரல் முடிந்ததும் அனுப்பிவைக்கிறோம் என்றாள்.

சாரல் எந்தத் தேதியில் முடியும் என்று அந்த அம்மா கேட்டார்.

“அத மலையத்தான் கேக்கணும்” என்றாள் இவள்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். கோயம்புத்தூரில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே மலையைக் கேட்டு ஆள் எடுக்கிற வழக்கம் இல்லையாம். வருகிற வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு தேதி சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்து நிற்கிற பெண்ணைக் கூப்பிட்டுவிடுவோம் என்று பணிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வேல்விழி அப்பாவிடம் போனாள். அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டார் அப்பா. அம்மாவிடம் வந்தாள். அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டாள் அம்மா. இப்படி அந்தக் கேள்வி வீட்டுக்கும் அருவிக்கும் இடையே ஷேர் ஆட்டோ மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. ஆள் ஏறியதே தவிர, யாரும் இறங்கவில்லை. என் மாப்பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். பெண்ணை அனுப்பக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. முத்துசெல்வியும் சொல்லவில்லை. இந்த ஊரில் யாரும் எதையும் கூடாது என்று சொல்வதில்லை ஐயா! முடியட்டும் என்றுதான் சொல்வார்கள். ஒரு பெண்ணின் வேலையைக் கெடுக்க எதிரி வேண்டுமா? வேண்டாம். பாசமுள்ள குடும்பம் ஒன்றும், பக்கத்தில் ஒரு அருவியும் போதும்!

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. வகுப்பில் கொடுத்த வேலையைச் செய்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே வாக்கியம் சொன்னாள். ‘மை ஃபாதர் ஹாஸ் புட் ஆஃப் ஹிஸ் ஹேர்கட்.’ உண்மை, ஏட்டையா அப்போது ஏறக்குறைய சாமியார். ‘மை அங்க்கிள் நெவர் புட்ஸ் ஆஃப் லஞ்ச்.’ அதுவும் உண்மை. அந்த அங்க்கிள் உங்கள் முன்னால்தான் நிற்கிறார். விருந்துக்கு வந்தவர்களுக்கும் அந்தச் சொல் தொற்றிக்கொண்டது. சென்னையிலிருந்து வந்த அத்தை, தோசையை புட் ஆஃப் பண்ணிராதட்டி என்றார். பால்காரர் நாளைக்குக் காசு தாங்க, இட் புட் ஆஃப் என்றார். ‘இட்’டை ஓரத்தில் உட்கார வைத்ததற்காக வேல்விழி அவரை வாசலிலேயே நிறுத்தித் திருத்தி அனுப்பினாள். தென்காசி கோபுர வாசலில் ஓயாமல் அடிக்கிற காற்றுக்கூட அந்த வாரம் ‘புட்’ என்று வந்து ‘ஆஃப்’ என்று திரும்பியதாகக் கேள்வி.

வந்தது வெள்ளிக்கிழமை.

மதியம். பழைய அருவியில் குளித்துவிட்டு வந்த படை பந்திக்குத் தயார். நானும் அங்கேதான் இருந்தேன். ஆலோசனை சொல்லப் போனேன் என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்? அடுக்களையில் முத்துசெல்வி மிக்சியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கிறாள். அன்று மாலைக்குள் தேதி சொல்ல வேண்டும். அதைப் பற்றி யாரும் ஒரு சொல் எடுக்கவில்லை. எல்லாருக்கும் நினைவிருந்தது, அதனால் எடுக்கவில்லை. சென்னை அத்தைதான் பேச்சை இலேசாக்க, இன்றைக்கு என்ன வாக்கியம் என்று வேல்விழியிடம் கேட்டார்.

வேல்விழி நறுக்குவதை நிறுத்தவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சொன்னாள்.

“எவ்ரி இயர் மை மதர் புட்ஸ் ஆஃப் ஹெர் பாத் இன் தி ஃபால்ஸ்.”

ஒவ்வொரு ஆண்டும் என் அம்மா அருவிக் குளியலைத் தள்ளிப்போடுகிறாள்.

பெரியோர்களே, சிலர் சிரிக்க வாய் திறந்தார்கள். திறந்த வாய் திறந்தபடி நின்றது. ஏனென்றால் ஒவ்வொருவரும் மனசுக்குள் தேடிப் பார்க்கிறார்கள்: முத்துசெல்வி அருவியில் குளித்ததை நாம் என்றைக்குப் பார்த்தோம்? வாக்கப்பட்டு வந்த வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் அருவி. ஈரத் துண்டு காய்ந்ததெல்லாம் அவள் வீட்டுக் கொடியில். ஈரத் தலையோடு வந்தவருக்கெல்லாம் சுடச்சுடச் சோறு அவள் கையால். ஆனால் அவள் தலை நனைந்ததா? கோடையில் தண்ணீர் இல்லாத பாறையைப் பார்த்திருக்கிறாள். சாரல் காலத்தில் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

மிக்சி நின்றது. அந்த வாரம் முழுக்க அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடம் ஆகியிருந்தது. கையைத் துடைத்தாள்.

“தப்பாச் சொல்லுதட்டி. தள்ளிப்போடணும்னா மொதல்ல ஒரு நாளு குறிச்சிருக்கணும். எனக்கு யாரு நாளு குறிச்சா?”

கோபமாகச் சொன்னாளா? இல்லை. கணக்குப் பார்த்துச் சில்லறை திருப்பிக் கொடுப்பது மாதிரி சொன்னாள். நான் பார்த்த மேடைகள் எத்தனை, கேட்ட முழக்கங்கள் எத்தனை! மைக் வைத்தவன், மாலை போட்டவன், வாளேந்திப் படம் எடுத்துக்கொண்டவன் எத்தனை பேர்! ஒருவனும் இப்படி ஒரு கேள்வியைத் தேங்காய் மணத்தோடு என் முகத்தில் வீசியதில்லை. எனக்கு யார் நாள் குறித்தார்கள்? விருந்தாளிகள் தட்டைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

அந்தப் போனைக் கொடு என்றாள் முத்துசெல்வி. மகள் எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் அதே அம்மா. என் தங்கை இப்போது மலையைக் கேட்கவில்லை, மாப்பிள்ளையைக் கேட்கவில்லை, மேகத்தைக் கேட்கவில்லை.

“திங்கக்கெழம வாரா. காலைல எத்தன மணிக்கு வரணும்னு சொல்லுங்க.”

வைத்துவிட்டாள். அடுத்து விருந்தாளிகளைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை நான் அருவிக்குப் போகிறேன், சமையலுக்கு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு தேங்காய் மிச்சத்தை அரைத்தாள். சாப்பாடு நேரத்துக்கு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்வரிசையில் ஒரு அண்ணாச்சி அதற்காகவே கவலையோடு இருக்கிறார்.

ஏன் அண்ணாச்சி, அருவிக்குப் போனாளா என்றா கேட்கிறீர்கள்? போனாள்! ஞாயிறு காலை, மகளையும் துண்டையும் கூட்டிக்கொண்டு மெயின் அருவிக்குப் போனாள். தாய்மாமனும் பின்னால் போனான், வரலாறு பார்க்க.

வரலாறு என்ன செய்தது தெரியுமா? இரவெல்லாம் மலையில் மழை. அருவி பாலாகப் பாய்கிறது, பாறை அதிர்கிறது, ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் தலைகீழாகக் குதிக்கிறது. நாங்கள் நுழையவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது. ஊதியது யார்? என் மாப்பிள்ளை! தொப்பலாக நனைந்து, கம்பை நீட்டி, எல்லாரையும் வெளியே தள்ளிக்கொண்டு வருகிறார். எதிரே, துண்டும் கையுமாக, பெண்சாதி. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவர் முகத்தில் அந்த நேரம் ஓடியதைச் சொல்ல என்னிடம் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

“முத்து, ஆர்ச்ச தாண்டிட்டு. ஒருத்தரையும் விட முடியாது” என்றார்.

சட்டம் சட்டம்தான். என் தங்கை அருவியைப் பார்த்தாள். அடுத்து மகளைப் பார்த்தாள். அவள் முகம் வாடியதா? தாய்மார்களே, பூத்தது! நான் சத்தியம் செய்யத் தயார். சுற்றி நின்ற ஈரக் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“சரி, இன்னைக்கு புட் ஆஃப். செவ்வாக்கெழம வாரேன்.”

அவையோரே! பிறந்ததிலிருந்து அவள் வாழ்வில் முதன்முதலாகத் தள்ளிப்போடப்பட்ட காரியம் அது! நாள் இருந்தது, ஆகவே தள்ளிப்போட முடிந்தது. தள்ளியதற்கும் ஒரு நாள் இருந்தது. இலக்கணப் புத்தகத்தில் இதைவிடச் சரியாக அந்தச் சொல்லை எவரேனும் எடுத்துக்காட்டியிருந்தால், வாருங்கள், இந்தப் பரிசை அவருக்கே தந்துவிடுகிறேன். வேல்விழி அங்கேயே கைதட்டினாள். ஏன் எதற்கென்று தெரியாமல் சிவகாசிக்காரர் ஒருவரும் கைதட்டினார்.

அன்று மாலை பஸ்ஸில் அவள் கோயம்புத்தூர் போனாள். திங்கட்கிழமை சேர்ந்தாள். இன்றைக்கு ஏன் வரவில்லை? இன்று அவளுக்கு டியூட்டி. லீவு கேட்டுப் பார்க்கவா என்று அவள் கேட்டபோது, இல்லட்டி, வேலையப் பாரு, மாமன அனுப்புதேன் என்று சொன்னவளும் அவள் அம்மாதான்.

ஆகவே என் அருமைச் சகோதரிகளே! உங்களில் எத்தனை பேருக்கு எத்தனை காரியம் சாரல் முடியட்டும் என்று கிடக்கிறது? கண் ஆப்பரேஷன் கிடக்கிறது. நின்றுபோன படிப்பு கிடக்கிறது. தையல் மிஷின் மூடிக் கிடக்கிறது. அவற்றையெல்லாம் தள்ளிப்போட்டோம் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். தள்ளிப்போட்டீர்களா? எந்த நாளிலிருந்து? எந்த நாளுக்கு? நாள் இல்லாமல் தள்ளியதற்கு ஆங்கிலத்தில் ‘புட் ஆஃப்’ என்று பெயர் இல்லை. தமிழிலும் நல்ல பெயர் இல்லை. அருவி நிற்கட்டும், மழை பெய்யட்டும், சொந்தங்கள் சோற்றுக்கு வரிசையில் நிற்கட்டும். நீங்கள் நாள் குறியுங்கள்! நாளை முடியாதென்றால் புதன் குறியுங்கள், புதன் முடியாதென்றால் வெள்ளி குறியுங்கள், மலை மறித்தால் மறுநாள் குறியுங்கள். குறித்தபின் தள்ளுங்கள், தாராளமாகத் தள்ளுங்கள், தலைநிமிர்ந்து தள்ளுங்கள்!

செவ்வாய்க்கிழமை என்ன ஆயிற்று என்று சொல்லாமல் இறங்கினால் என்னை மிக்சர் இல்லாமல் அனுப்பிவிடுவீர்கள். சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை தண்ணீர் ஆர்ச்சுக்குக் கீழே இறங்கிவிட்டது. சமையலை நானும் சென்னை அத்தையின் வீட்டுக்காரரும் ஏற்றோம். சாம்பார் என்று நாங்கள் நம்பிய ஒன்றை வைத்தோம். மற்றது மாப்பிள்ளை சொல்லிக் கேட்டது: என் தங்கை பெண்கள் பக்கம் அருவிக்கு அடியில் போய் நின்றாள். மற்றவர்களுக்கு வழிவிடச் சொல்லி மாப்பிள்ளை விசில் ஊதினார். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, பொறு என்று காட்டிவிட்டு உள்ளே போனது.

அவர் பொறுத்தார்.

பொறுமையில் என் மாப்பிள்ளையையும் மிஞ்சி இவ்வளவு நேரம் அமர்ந்திருந்த தலைவர் டீச்சர் அவர்களுக்கும், மாடி தந்த அண்ணாச்சிக்கும், மொழி தந்த ஜுஹைனாவுக்கும், கைதட்டிய கைகளுக்கும், தட்ட நினைத்துப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கைகளுக்கும், கோயம்புத்தூரில் யாரோ ஒரு நோயாளிக்கு இந்நேரம் வழி சொல்லிக்கொண்டிருக்கிற என் மருமகள் சார்பில் நன்றி. போய்வாருங்கள், நலமாக இருங்கள், வணக்கம்.